பாட்டுக்கு இடம் கொடுத்தவர்

தலைநகர்
12 ஜனவரி 1955

அன்புத் தங்கை சிக்னேவுக்கு,

ஆற்றுப் பால மசோதா மறுபடியும் தாக்கலாகிவிட்டது. எண் 88. இன்று பிற்பகல் மூன்று மணிக்கு அவைச் செயலர் அலுவலகப் பதிவேட்டில் என் கண்ணால் பார்த்தேன். கொண்டுவந்தவர் உங்கள் மாவட்ட உறுப்பினர் ஓப்பல் டன்னிங் அம்மையார்.

செய்தியை முதலில் சொல்லிவிட்டுப் பிறகு நலம் கேட்பதற்கு மன்னித்துக்கொள். முப்பத்து நான்கு வருடம் சட்டமன்றச் செய்தி எழுதிய கை இப்படித்தான் எழுதும். உன் காது வலி எப்படி இருக்கிறது? நாள் முழுவதும் ஒரே காதில் தொலைபேசிக் காதுக்கருவியை மாட்டாதே, மாற்றி மாட்டு என்று போன குளிர்காலமே சொன்னேன். என் முழங்கால் பனி விழும் முதல் நாளே தகவல் சொல்லிவிடுகிறது. மற்றபடி நலம்.

மசோதா வந்துவிட்டது என்று ஊரில் யாரும் கொண்டாட வேண்டாம். இது நான்காவது தடவை. அவை இரண்டு வருடத்துக்கு ஒரு முறை கூடுகிறது. ஆறு வருடமாகப் பாலத்துக்கு ஆதரவாக இருபத்தேழு பேர் இருக்கிறார்கள். நாற்பத்து மூன்று பேர் அவையில் அது தாராளம். ஆனால் ஒரு தடவைகூட ஓட்டெடுப்பு நடக்கவில்லை. பாலத்தை எதிர்க்கும் உறுப்பினர் ஹால்வர் நோர்டால் எழுந்து பேச ஆரம்பிப்பார். அவரை நிறுத்த மூன்றில் இரண்டு பங்கு, அதாவது இருபத்தொன்பது பேர் வேண்டும். இரண்டு குறையும். அவர் பேசிக்கொண்டே இருப்பார். கூட்டத்தொடர் முடிந்துவிடும்.

உன் அண்ணி இங்கிரிட் போய் மூன்று வருடமாகிறது. கிழக்கு அறை சும்மாவே கிடக்கிறது. நீ வேலையை விட்டு என்னோடு வந்து இருப்பது பற்றிப் போன வருடமே பேசினோம். வசந்தத்தில் சுவருக்குச் சாயம் அடிக்கிறேன். என்ன நிறம் வேண்டும்?

உன் அண்ணன்
ஆர்விட்

*

வில்லோ துறை
20 ஜனவரி 1955

அன்புள்ள அண்ணா,

உன் கடிதம் திங்கட்கிழமை வந்தது. காது வலி இடது காதிலிருந்து வலது காதுக்குப் போய்விட்டது. நீ சொன்னபடி மாற்றி மாட்டியதன் பலன். இருந்தாலும் நலமாகத்தான் இருக்கிறேன்.

ஆறு உறைந்துவிட்டது. படகு நவம்பர் 23 அன்று கடைசியாகப் போனது. பனிக்கட்டி ஓரத்தில் தடிமன், நடுவில் நம்ப முடியாது. அக்கரைக்குப் போக வேண்டுமென்றால் தெற்குப் பாலம் வழியாக நாற்பத்தாறு மைல். கத்தினால் கேட்கிற தூரத்தில் நோவா லோட்டா இருக்கிறது. அந்தச் செக் ஊர்க்காரர்களின் சமையல் வாசனைகூடக் காற்று சரியாக அடித்தால் இங்கே வருகிறது. தொலைபேசிக் கம்பி மட்டும் ஆற்றுக்கு அடியில் போகிறது. ஆகவே இரண்டு கரைக்கும் நடுவில் இப்போது இருப்பது நான்தான்.

ஆனால் தொலைபேசி நிலையத்தில் என்ன கேட்டேன் என்று உனக்கு எழுத மாட்டேன். நீ கேட்டதை எல்லாம் அச்சில் போடுகிறவன். நான் கேட்டதை எல்லாம் விழுங்குகிறவள். ஒரே அம்மாவின் பிள்ளைகள் என்றால் யார் நம்புவார்கள்?

வேடிக்கையான ஒன்றை மட்டும் சொல்லலாம். அக்கரையிலிருந்து ஒருவர் தினமும் காலை சரியாக ஏழு மணிக்கு அழைத்து, “மணி என்னங்க?” என்று கேட்கிறார். “ஏழு” என்கிறேன். நன்றி சொல்லி வைத்துவிடுகிறார். அவ்வளவுதான்.

ஒரே ஒரு மனிதர் இருபத்தேழு பேரை எப்படி நிறுத்துகிறார் என்று எனக்கு விளங்கவில்லை. விதியைப் பள்ளிக்கூடப் பிள்ளைக்குச் சொல்வது போல எழுது.

நன்றாகச் சாப்பிடு. டப்பாவில் அடைத்த மீனைச் சாப்பாடு என்று சொல்லாதே.

சிக்னே

*

தலைநகர்
2 பிப்ரவரி 1955

அன்புத் தங்கைக்கு,

டன்னிங் அம்மையார் இந்தத் தடவை பாலத்தோடு இன்னொன்றும் கொண்டுவந்திருக்கிறார். விவாதத்தை முடிக்க இருபத்தொன்பது பேர் வேண்டாம், ஐந்தில் மூன்று பங்கு, அதாவது இருபத்தாறு பேர் போதும் என்று விதியையே திருத்தும் தீர்மானம். நேற்று விதிக்குழு எட்டுக்கு ஐந்து என்று அதை அனுப்பிவைத்தது. குழுச் செயலரிடம் எண்ணிக்கையை இரண்டு தடவை கேட்டு உறுதி செய்தேன்.

இதில் உள்ள வேடிக்கை உனக்குப் பிடிக்கும். விதியை மாற்றும் தீர்மானத்தின் மேலும் நோர்டால் பேசலாம். அந்தப் பேச்சை நிறுத்தப் பழைய விதிப்படி இருபத்தொன்பது பேர் வேண்டும். பூட்டைத் திறக்கும் சாவி பூட்டுக்குள்ளேயே இருக்கிறது.

நீ கேட்ட விதி இது. பேசுகிறவர் நின்றபடி பேச வேண்டும். உட்காரக் கூடாது. சாப்பிடக் கூடாது. தண்ணீரும் பாலும் குடிக்கலாம். வேறொரு உறுப்பினர் கேள்வி கேட்க விரும்பினால், கேள்விக்கு மட்டும் இடம் கொடுக்கலாம். கேள்வி முடிந்ததும் பேச்சுரிமை அவரிடமே திரும்பும். வேறு எதற்கு இடம் கொடுத்தாலும், ஒரு நிமிடமானாலும், பேச்சுரிமை போய்விடும். பிறகு எழுந்து கேட்கிற அடுத்த ஆளுக்கு அது கிடைக்கும். யாரும் கேட்காவிட்டால் ஓட்டெடுப்பு.

நோர்டாலைக் கெட்டவர் என்று எண்ணிவிடாதே. திங்களன்று வேறொரு மசோதாவில் ஆறு மணி நேரம் பேசினார். அவர் மாவட்டத்தில் முக்கால்வாசிச் சாலை இன்னும் சேறு. பாலத்துக்கு முன்னால் அதற்குக் கல் போடு என்பதுதான் அவர் வழக்கு. டன்னிங் அம்மையார் நடைவழியில் அவரை மடக்கினார். நான் பக்கத்தில் நின்றேன்.

“பேசுறது உங்க உரிமைங்க. எங்களை ஓட்டுப் போட விடாம வைக்கிறது உங்க உரிமையில்ல.”

“அம்மா, பெரிய ஊருக்கு ஆள் பலம் இருக்கு. எங்க ஊருக்கு இருக்கறது நாக்கு ஒண்ணுதான். அதையும் அளந்து வைன்னா எப்படி?”

இருவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. அதனால்தான் இதை எழுத எனக்கு இன்னும் அலுக்கவில்லை.

அந்த ஏழு மணிக்காரரிடம் கடிகாரத்தைப் பழுது பார்க்கச் சொல். அறைக்கு நிறம் சொல்லவில்லையே?

ஆர்விட்

*

வில்லோ துறை
27 பிப்ரவரி 1955

அன்புள்ள அண்ணா,

பதில் தாமதம். கோபித்துக்கொள்ளாதே. காது குணம். உன் முழங்காலுக்குக் கம்பளித் துணி தனியே அனுப்புகிறேன்.

பத்தாம் தேதி அக்கரையில் பிளாஹா வீட்டு மருமகளுக்கு வலி எடுத்தது. மூன்று வாரம் முன்னதாக. மருத்துவர் இந்தக் கரையில். தெற்குச் சாலை பனியில் மூடிக்கிடந்தது. மருத்துவரை நிலையத்துக்கே கூப்பிட்டு என் நாற்காலியில் உட்கார வைத்தேன். அவர் சொல்லச் சொல்ல நான் கம்பியில் சொன்னேன், ஏனென்றால் மருத்துவர் செக் மொழி பேசினால் செக்காரர்களுக்கே புரியாது. அந்தப் பக்கம் தொலைபேசியைப் பிடித்துக்கொண்டு, வலிக்கும் வலிக்கும் இடையே எத்தனை நிமிடம் என்று எண்ணிச் சொன்னவர் தினமும் மணி கேட்கிற அந்த மனிதர். பெயர் எமில் குச்சேரா. பதற்றமே இல்லை. “நாலு நிமிஷம் இருபது விநாடி.” “மூணு நிமிஷம் அம்பத்தஞ்சு.” நான்கு மணி நேரம் இப்படி.

பெண் குழந்தை. கம்பியில் அழுகைச் சத்தம் வந்ததும் மருத்துவர் என் ரொட்டியை எடுத்துச் சாப்பிட்டுவிட்டார். குழந்தைக்கு சிக்னே என்று பெயர் வைத்திருக்கிறார்கள். செக் ஊரில் ஸ்வீடன் பெயர். பாதிரியார் இரண்டு தடவை எழுத்துக் கேட்டாராம்.

இது எல்லா ஊருக்கும் தெரிந்த கதை என்பதால் எழுதினேன். நீ அச்சில் போடலாம்.

சிக்னே

*

தலைநகர்
3 மார்ச் 1955

அன்புத் தங்கைக்கு,

விதித் திருத்தம் மார்ச் 23, புதன்கிழமை விவாதத்துக்கு வருகிறது. இன்று காலை வெளியான நிகழ்ச்சி நிரலில் இருக்கிறது. நோர்டால் மறுநாளும் பேசுவார் என்று அவர் நண்பர்களே சொல்கிறார்கள். எங்கள் பத்திரிகை நீ எழுதிய பிரசவச் செய்தியை மூன்றாம் பக்கத்தில் போட்டது. நறுக்கை இணைத்திருக்கிறேன். டன்னிங் அம்மையார் அதை வெட்டித் தன் மேசையில் வைத்திருக்கிறார்.

படிக்கும்போது ஒரு சந்தேகம். கடிகாரம் ஓடாத மனிதர் விநாடியை எப்படி எண்ணினார்?

வேறொன்று, உனக்கு மட்டும். இங்கே ஒரு வழக்கம் உண்டு. கூட்டத்தொடரில் உறுப்பினருக்குப் பிறந்தநாள் வந்தால் ஊர்க்காரர்கள் பலகாரம் அனுப்புவார்கள். அவை எழுந்து நின்று பாடும். நோர்டாலுக்கு ஒரு தடவையும் பாடியதில்லை. உறுப்பினர் கையேட்டில் அவர் தேதியே கொடுக்கவில்லை. இரண்டு வருடம் முன்பு விடுதி உணவறையில் தனியாக ஒரு துண்டு கேக்கோடு உட்கார்ந்திருந்தார். என்ன விசேஷம் என்றேன். “பொறந்தநாள். மார்ச் இருபத்து நாலு. எழுதிடாதே, ஆர்விட். பெண்டாட்டி போனதுக்கப்புறம் அதைக் கொண்டாடறதில்ல” என்றார். எழுதவில்லை. இந்த வருடம் அதே நாளில் அவர் நின்று பேசிக்கொண்டிருப்பார். அதை நினைத்தால் என்னவோ போலிருக்கிறது. எழுபத்தொரு வயது.

அறையின் நிறம். மூன்றாம் முறையாகக் கேட்கிறேன்.

ஆர்விட்

*

வில்லோ துறை
13 மார்ச் 1955
(தபால் அட்டை)

அண்ணா, சுகம். சுகமா? நிறைய வேலை. அவையில் உறுப்பினர்கள் நாற்பத்து மூன்று பேர் என்று எழுதியிருந்தாய். ஊழியர்களையும் வாயிற்காவலர்களையும் சேர்த்தால் எத்தனை பேர் இருக்கும்? பத்திரிகைக்காரர்கள் சாப்பிடுவார்களா? சும்மா கேட்கிறேன். உடனே எழுது.
சி.

*

தலைநகர்
25 மார்ச் 1955

சிக்னே,

விவாதத்தை முடிக்க இனி இருபத்தாறு ஓட்டுப் போதும். நேற்று மாலை 4.10க்கு அவை ஏற்றுக்கொண்டது. ஆதரவு 27, எதிர்ப்பு 15, ஓட்டளிக்காதவர் ஒருவர். ஆதாரம் அவைக் குறிப்பேடு, பக்கம் 412.

என் வாழ்நாளின் பெரிய சட்டமன்றச் செய்தி இது. என் பெயரில் வரவில்லை. ஏன் என்று உனக்குத் தெரியும். நடந்ததை வரிசையாக எழுதுகிறேன். எங்காவது நான் தவறாகப் புரிந்துகொண்டிருந்தால் திருத்து.

நோர்டால் புதன் காலை பத்து மணிக்கு ஆரம்பித்தார். மாலை ஆறுக்கு அவை ஒத்திவைத்தது. வியாழன் பத்துக்குத் தொடர்ந்தார். தன் மாவட்டத்துச் சாலை ஒவ்வொன்றையும், எந்தப் பண்ணை வாசலில் எந்த மாதம் வண்டி புதைந்தது என்பதோடு, ஒரு நோட்டுப் புத்தகத்திலிருந்து படித்தார். மூன்று மணிக்கு அவர் குரல் கரகரத்தது. பாலத்தை எதிர்க்கும் அணியிலேயே பாதிப் பேர் கண்ணை மூடியிருந்தார்கள்.

மூன்றே காலுக்குப் பார்வையாளர் மாடத்தில் பதினொரு பேர் வந்து உட்கார்ந்தார்கள். வில்லோ துறை முகங்களும் நோவா லோட்டா முகங்களும் கலந்து. நடுவில் நரைத்த மீசை, மடியில் அக்கார்டியன். பிறகு கதவு திறந்தது. காவலர்கள் நான்கு பெரிய தட்டுகளைத் தூக்கி வந்தார்கள். கொலாச்சே. பிளம் கூழும் கசகசாவும் வைத்த உருண்டை ரொட்டி, இன்னும் சூடு ஆறாமல். எங்கே சுட்டார்களோ தெரியவில்லை. மண்டபம் முழுவதும் வாசனை. தூங்கியவர்கள் விழித்தார்கள்.

அவைத்தலைவரிடம் ஒரு சீட்டுப் போனது. படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

“உறுப்பினருக்கு இன்னிக்குப் பொறந்தநாளாமே. நிஜந்தானா?”

நோர்டால் நேராகப் பத்திரிகையாளர் வரிசையைப் பார்த்தார். நான் என் காலணியைப் பார்த்தேன்.

“எழுபத்தொண்ணு” என்றார்.

“அவை பாட விரும்புது. இடம் கொடுக்கிறீங்களா?”

அவர் நோட்டுப் புத்தகத்தை மூடினார். மேசையில் வைத்தார். “கொடுக்கிறேன்” என்றார்.

அக்கார்டியன் ஆரம்பித்தது. நாற்பத்திரண்டு பேரும் எழுந்து பாடினார்கள். டன்னிங் அம்மையார் இரண்டாம் குரல் பாடினார். முடிந்ததும் எல்லாரும் தட்டுகளை நோக்கிப் போனார்கள், எதிரணியும்தான். நோர்டால் இரண்டு நாளில் முதல் முறையாக உட்கார்ந்தார். ஒரு கொலாச்சேயை இரு கையாலும் பிடித்துச் சாப்பிட்டார்.

அப்போது அவைத்தலைவர் கேட்டார்: “வேற யாராவது பேச விரும்புறீங்களா?”

நோர்டால் அணியின் பிரிஸ்டோ எழுந்தார். கையை ஆட்டினார். வாய் நிறையக் கசகசா. சத்தம் வரவில்லை. விதிப்படி “தலைவர் அவர்களே” என்று வாயால் சொல்ல வேண்டும். அவைத்தலைவர் மூன்று தடவை கேட்டார். பிறகு ஓட்டெடுப்பு என்று சுத்தியலைத் தட்டினார். பிரிஸ்டோ ஒரு வழியாக விழுங்கினார்.

“இது அநியாயம்! பாட்டு மரியாதைக்குப் பாடினது. அது இடம் கொடுத்ததா ஆகாது. பேச்சுரிமை இன்னும் நோர்டால்கிட்டதான் இருக்கு.”

அவைத்தலைவர் விதிப்புத்தகத்தைப் புரட்டவில்லை. நோர்டால் பக்கம் திரும்பி, உறுப்பினரே சொல்லட்டும் என்றார். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், பேச்சு அவருடையது. பாலம் இன்னும் இரண்டு வருடம் தள்ளிப்போகும்.

அவர் எழுந்தார். சட்டையில் ஒட்டிய தூளைத் தட்டினார்.

“நாப்பது வருஷமா இந்த விதியைச் சொல்லித்தான் மத்தவங்களை உட்கார வைச்சேன். எனக்கு மட்டும் வேற விதி கிடையாது. இடம் கொடுத்தேன். கேள்விக்கு இல்ல. பாட்டுக்கு.”

உட்கார்ந்தார். பெயர் கூப்பிட்டபோது ‘இருக்கிறேன்’ என்று மட்டும் சொன்னார். ஓட்டளிக்காத அந்த ஒருவர் அவர்தான்.

நான் வெளியே வந்ததும் ஆசிரியரிடம் போய்ச் சொல்லிவிட்டேன். பிறந்தநாள் விவரம் என்னிடமிருந்து என் தங்கைக்குப் போனது, ஆகவே இந்தச் செய்தியில் நானும் இருக்கிறேன் என்று. “அப்ப நீ எழுதக் கூடாது. உட்கார்ந்து கொலாச்சே தின்னு” என்றார். அலுவலகத்துக்கும் அரைத் தட்டு வந்திருந்தது.

ஒரு மனிதர் எழுதாதே என்று சொன்னதை உனக்கு எழுதினேன். முப்பத்து நான்கு வருடத்தில் அது ஒன்றுதான். என் தவறு. உன்மேல் கோபமா என்று எனக்கே தெரியவில்லை.

படிக்கட்டில் அக்கார்டியன்காரரைப் பிடித்தேன். குச்சேரா என்றார். அவர் கேட்ட முதல் விஷயம்: “உங்க அவை மண்டபக் கடிகாரம் நாலு நிமிஷம் மெதுவா ஓடுது, தெரியுமா?”

உங்களுக்கு எப்படித் தெரியும் என்றேன்.

“அதுதாங்க என் தொழில். கடிகாரம் ரிப்பேர். முப்பத்தெட்டு வருஷமா.”

வீட்டுக்குப் போகும் வழியில் பாதித் தெருவில் நின்றுவிட்டேன், சிக்னே.

ஆர்விட்

*

வில்லோ துறை
8 ஏப்ரல் 1955

அன்புள்ள அண்ணா,

இரண்டு வாரமாக நான்கு கடிதம் எழுதிக் கிழித்தேன். இது ஐந்தாவது. நான் நலம். நீ நலமாகச் சாப்பிடுகிறாய் என்று நம்புகிறேன். அரைத் தட்டில் உனக்கு எத்தனை கிடைத்தது?

நீ வருத்தப்பட்டது எனக்கு உறைத்தது. தேதியை நான் ஊரெல்லாம் சொல்லவில்லை. ஒரு பெரியவருக்குப் பிறந்தநாள், அன்று பசியோடு நிற்பார் என்று ஒருவரிடம் மட்டும் சொன்னேன். அதுவும் சொல்லியிருக்கக் கூடாது. திரு. நோர்டாலுக்கு மன்னிப்புக் கேட்டு எழுதினேன். விதி உனக்கு ஞாபகம் இருந்ததா என்று நீ அடுத்துக் கேட்பாய். அதற்கு என்ன பதில் எழுதினாலும் நீ நம்பப் போவதில்லை, ஆகவே எழுதவில்லை. பிறந்தநாளன்று நண்பகலில் பிளாஹா வீட்டு உறவினரின் ரொட்டிக்கடை அடுப்பைத் தலைநகரில் கடன் வாங்கினார்கள் என்பது மட்டும் உறுதி.

ஆற்றில் பனி உடைந்துவிட்டது. படகு ஆறாம் தேதி ஓட ஆரம்பித்தது. காலை ஏழு மணி அழைப்பு நின்றுபோயிற்று. இப்போது நேரிலேயே வந்து மணி கேட்கிறார்.

சிக்னே

*

தலைநகர்
15 ஏப்ரல் 1955

அன்புத் தங்கைக்கு,

மசோதா 88 அடுத்த மாதம் மூன்றாம் வாரம் விவாதத்துக்கு வருகிறது. டன்னிங் அம்மையார் இன்று சொன்னார். எனக்குக் கிடைத்தது ஆறு. முழங்கால் தேவலை.

நேற்று நோர்டாலின் அறைக்குப் போனேன். முதலில் நான் மன்னிப்புக் கேட்டேன். உன் கடிதத்தை மேசையில் விரித்து வைத்திருந்தார். பழைய தாளெடையின் கீழே.

“உன் தங்கச்சி எழுத்து உன் எழுத்தைவிட நல்லாருக்கு. சுருக்கமா இருக்கு” என்றார்.

கோபமில்லையா என்று கேட்டேன். “பெண்டாட்டி போன பத்து வருஷத்துல ஒருத்தரும் எனக்குப் பாடல. பாடின அன்னிக்கு மொத்த அவையும் பாடுச்சு. என் எதிரிங்க நல்லா பாடினாங்க. என் ஆளுங்களுக்குச் சுதியே இல்ல.”

பிறகு கேட்க வேண்டியதைக் கேட்டேன். இடம் கொடுக்கிறேன் என்று சொன்னபோது பேச்சுரிமை போய்விடும் என்று தெரிந்தே சொன்னீர்களா? அவர் ஜன்னலைப் பார்த்தார். பதில் சொன்னார், அதை எழுதாதே என்றார்.

இந்தத் தடவை எழுதப் போவதில்லை. உனக்கும் கூட.

இப்போது உன்னிடம் ஒரே கேள்வி. பத்திரிகைக்காரனாக இல்லை, அண்ணனாக. கிழக்கு அறைக்கு நீ வரப்போவதில்லை. ஆமா, இல்லையா?

ஆர்விட்

*

வில்லோ துறை
29 ஏப்ரல் 1955

அன்புள்ள அண்ணா,

ஆமாம்.

இதைச் சொல்ல எனக்கு நான்கு மாதம். நீ சாயம் பற்றிக் கேட்கும்போதெல்லாம் வேறு எதையாவது எழுதினேன். நீ தனியாக இருக்கிறாய் என்று எனக்குத் தெரியும்.

எமில் இரண்டு வருடத்துக்கு முன்னே கேட்டார். நான் காலை ஏழு மணிக்கு நிலையத்தைத் திறக்க வேண்டும். ஐம்பத்து நான்கு வயதில் நாற்காலியை விட்டுக்கொடுக்கவும் மனமில்லை. அவர் பட்டறையும் சுவரில் நாற்பது கடிகாரமும் அக்கரையில். ஐந்து மாதம் படகு இல்லாத ஆற்றுக்கு இரண்டு பக்கமும் என்ன குடும்பம் நடத்துவது? “பாலம் வரட்டும்” என்றேன். அவர் வாதாடவில்லை. அடுத்த நாள் காலை ஏழு மணிக்கு அழைத்து மணி கேட்டார். அதிலிருந்து ஒரு நாளும் தவறவில்லை. நான் அவரைக் கேலி செய்தால், “எல்லாக் கடிகாரத்தையும் எதையாவது ஒண்ணை வைச்சுத்தான் சரி பண்ணணும்” என்பார்.

பாலம் வந்த பிறகு என்று சொன்னவள், இப்போது மசோதா நிறைவேறினால் போதும் என்று இறங்கிவிட்டேன். பாலம் கட்டும் இரண்டு குளிர்காலத்தில் அவர் தன் கருவிப்பெட்டியோடு இங்கே வந்து இருப்பார். பிறகு நாங்கள் அக்கரைக்கு. காலையில் பாலத்தில் நடந்து வேலைக்கு வருவேன்.

லுத்தரன் தேவாலயமா, கத்தோலிக்கத் தேவாலயமா என்று இரண்டு கரையிலும் பேச்சுக் கிளம்பிவிட்டது. ஆகவே நடு ஆற்றில், படகில், மாவட்ட நீதிபதி முன்னால் கல்யாணம். மசோதா நிறைவேறினால் ஜூன் 18, சனிக்கிழமை.

கிழக்கு அறைக்கு மஞ்சள் அடி. பெரிய கட்டில் போடு. கிறிஸ்துமஸுக்கு இரண்டு பேர் வருவோம், ஒருவர் உன் வீட்டுக் கடிகாரங்களைக் குறை சொல்லிக்கொண்டே.

உன் தங்கை
சிக்னே

*

தலைநகர்
18 மே 1955

அன்புத் தங்கைக்கு,

பால மசோதா நிறைவேறியது. நேற்று பிற்பகல் 2.35, ஆதரவு 31, எதிர்ப்பு 10, வராதவர்கள் இருவர். அவைக் குறிப்பேடு, பக்கம் 690. மண்டபக் கடிகாரத்தை இப்போது சரி செய்துவிட்டார்கள், ஆகவே நேரமும் நம்பத்தக்கது. குச்சேரா அவைச் செயலருக்கு எழுதிய கடிதத்தின் பலன் என்று கேள்வி. உறுதி செய்யவில்லை.

நீ நலமா? நான் இதைவிட நலமாக இருந்ததில்லை. செய்தியை மறுபடியும் வேறு ஆள்தான் எழுதினான். மணமகளின் அண்ணன் எழுதக் கூடாது என்று நானே சொல்லிவிட்டேன்.

நோர்டால் நான்கு மணி நேரம் பேசினார். நல்ல பேச்சு. புது விதிப்படி இருபத்தேழு பேர் எழுந்து விவாதத்தை முடித்தார்கள். அதற்கு முன்னால் நடந்ததுதான் எனக்கு முக்கியம். முடிக்க இருபத்தாறு போதும் என்றான பிறகு இரண்டு பக்கமும் முதல் முறையாக உட்கார்ந்து பேசியது. அவர் மாவட்டத்தில் பதினாலு மைல் சாலைக்குக் கல் போடும் திருத்தத்தை டன்னிங் அம்மையாரே கொண்டுவந்தார். அப்படியும் நோர்டால் பாலத்துக்கு எதிராகவே ஓட்டுப் போட்டார். ஏன் என்றேன். “ஆறு வருஷமா வேண்டாம்னு சொன்னவன், பதினாலு மைலுக்கு மாறினா ஊரு என்ன நினைக்கும்? ஆனா பாலத்துக்குத்தான் எதிர்ப்பு. கல்யாணத்துக்கு இல்ல” என்றார்.

அதைச் சொல்லிவிட்டு, தனக்கு அழைப்பு உண்டா என்று கேட்டார். உண்டு என்று உன்னைக் கேட்காமலே சொல்லிவிட்டேன்.

அறைக்கு மஞ்சள் அடித்தாயிற்று. கையிலும் கொஞ்சம், இந்தத் தாளின் ஓரத்திலும் கொஞ்சம். கட்டில் சனிக்கிழமை வருகிறது.

இனி நடக்க வேண்டியவை. ஆளுநர் கையெழுத்து: மே 26, வியாழன், காலை பத்து மணி, ஆளுநர் செயலகம் சொல்கிறது. பாலம்: 1957 அக்டோபர், நெடுஞ்சாலைப் பொறியாளரின் மதிப்பீடு. அதை நான் முழுதாக நம்பவில்லை. திருமணம்: ஜூன் 18. அதை நம்புகிறேன்.

உறுதியாகாதது ஒன்று, நோர்டாலின் வாழ்த்துரை எவ்வளவு நேரம் என்பது. படகு அக்கரை சேர ஒன்பது நிமிடம், அது முடிந்ததும் பேச்சும் முடிய வேண்டும் என்றேன். படகுக்காரரிடம் பேசி நடு ஆற்றில் நிறுத்த வழியுண்டா என்று யோசிக்கிறார். கடைசியில் ஒரு ஏற்பாட்டுக்கு வந்தோம். படகில் நாற்பது பேர். ஐந்தில் மூன்று பங்கு, இருபத்து நான்கு கை உயர்ந்தால் அவர் உட்கார்ந்துவிட வேண்டும். கணக்கைத் தாளில் போட்டுப் பார்த்து ஒப்புக்கொண்டார்.

இருபத்து நான்கு கை உயராமல், மாப்பிள்ளை அக்கார்டியனை எடுத்துவிட்டால் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன்.

“பாட்டுன்னா எப்பவும் இடம் கொடுப்பேன்” என்றார்.

இதை எழுதலாமா என்றேன்.

“எழுது.”

உன் அண்ணன்
ஆர்விட்